ஓவர்க்ளாக் செய்யும் முன் கேபிளைப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையில் மாமாவின் தறிப்பட்டறை மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். கோர் 2 குவாட் கியூ6600, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. சேலை பார்டர் டிசைன் எல்லாம் அதில்தான். "ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம்பா" என்றார் மாமா. டாஸ்க் மேனேஜரில் ஒரு கோர் திணறியது. பிராசசர்தான் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, ஓவர்க்ளாக்கில், அதாவது பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், இறங்கினேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பில்) எஃப்எஸ்பியை, அதாவது பிராசசர் வேகத்துக்கு அடிப்படையான கடிகார வேகத்தை, 266-லிருந்து 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆனது. டீ குடிக்கும் நேரம் குறையவில்லை.

பிறகுதான் புரிந்தது. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தது. ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால் விண்டோஸ் டிஎம்ஏவை (டிஸ்கின் தரவு நேராக ரேமுக்குப் போகும் முறை) விட்டு, மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். அதில் வேகம் நொடிக்கு 16 எம்பி சொச்சத்தைத் தாண்டாது. போதாததற்குத் தரவைச் சுமக்கும் வேலையும் பிராசசர் தலையில் விழும். அதைத்தான் நான் பிராசசரின் பலவீனம் என்று நினைத்தேன். கேபிளை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

ஆகவே முதலில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். அதில் சி7 எண் (தரவு கடத்தலில் வந்த பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான். புது கேபிள் போட்டாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும். சி5 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்கே போய்க்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் பலர் உடனே செக்டிஸ்க் என்ற விண்டோஸ் டிஸ்க் சோதனையை ஓட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம், சாகக் கிடக்கும் டிஸ்கை அது மேலும் வதைக்கும். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்குக்கு எடுங்கள்.

ஓவர்க்ளாக் செய்தே தீருவேன் என்பவர்கள் பேக்கப் எடுத்துவிட்டு இறங்குங்கள். எஃப்எஸ்பியை ஏற்றினால் ரேமும் கூடவே ஏறும். எஃப்எஸ்பிக்கும் ரேமுக்கும் உள்ள விகிதத்தை மாற்றாவிட்டால் டிடிஆர்2-800 ரேம் 1000-இல் ஓடும். ரேமில் ஒரு பிட் பிசகினால் அந்தப் பிசகே டிஸ்கில் எழுதப்படும். கம்ப்யூட்டர் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, ஃபைல் சத்தமில்லாமல் கெடுவதுதான் கொடுமை. மற்ற பாகங்களை இணைக்கும் தடங்களின் வேகத்தையும் பிசிஐ 33, பிசிஐ எக்ஸ்பிரஸ் 100 மெகாஹெர்ட்ஸ் என்று பயாஸில் பூட்டி வையுங்கள். சில பழைய போர்டுகளில் எஃப்எஸ்பியோடு இவையும் ஏறி சாட்டா கண்ட்ரோலரைக் குழப்பும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.

அப்புறம், வெயில். ஏற்காட்டு நண்பர் ஒருவர் மார்கழிக் குளிரில் ஓவர்க்ளாக்கைச் சோதித்து, எல்லாம் சரி என்றார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த அதே கம்ப்யூட்டர், சேலத்துச் சித்திரையில் தினமும் ஹேங் ஆனது. மாமா பட்டறையில் பஞ்சுத்தூசி வேறு, பிராசசர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை அடைத்திருந்தது. ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் கம்ப்யூட்டர் இப்போது பழைய 2.4-லேயே ஓடுகிறது, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியோடு. சாட்டா 2-இலேயே நொடிக்கு 250 எம்பி அளவுக்குப் படிக்கிறது. இதற்காகப் பயாஸில் ஐடிஇயை ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றுவதாக இருந்தால், அதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) அந்த முறைக்கான டிரைவரான எம்எஸ்ஏஹெச்சிஐயின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 7 நீலத்திரையில்தான் போய் நிற்கும்.