கல்லூரி பேஸ்பால் முகாமுக்குப் பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடும் பிள்ளை 9ஆம் வகுப்பை எட்டியதும், கல்லூரி அணிகளிடமிருந்து, தங்கள் பயிற்சி முகாமுக்கு வரும்படி மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். கல்லூரியின் சின்னம், தலைமைப் பயிற்சியாளரின் கையொப்பம், "உங்களை எங்கள் முகாமில் காண ஆவலாக இருக்கிறோம்" என்ற வரி, அதற்குக் கீழே கட்டணம் செலுத்தும் பொத்தான் என்று எல்லாம் அதில் இருக்கும். மாவட்ட கிரிக்கெட் தேர்வுக்குக் கூப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக எண்ணி வளர்ந்த நம் பெற்றோருக்கு இந்தக் கடிதம் பெரிய நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் பெரிய சங்கமான என்சிஏஏவின் விதிப்படி, கல்லூரி நடத்தும் முகாம் வயது, வகுப்பு, பாலினம், இடங்களின் எண்ணிக்கை ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு, பணம் கட்டும் எவரையும் சேர்த்துக்கொள்ளும் பொது முகாமாகவே இருக்க வேண்டும். ஆகவே அழைப்பு வந்ததால் பயிற்சியாளரின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்று பொருளில்லை.

முகாம்களுக்கு வருமான நோக்கமும் உண்டு. என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் மிக உயர்ந்ததான டிவிஷன் 1 அணிகளில் 2023ஆம் ஆண்டு ஜூலை வரை சம்பளமில்லாத தன்னார்வப் பயிற்சியாளர் என்று ஒரு பதவி இருந்தது. அப்பதவியில் இருந்த பலருக்கு முகாம் வருமானம்தான் ஆதாரம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைதானத்தில் நிற்கும் அத்தனை பேரையும் பயிற்சியாளர் ஒரே கவனத்துடன் பார்ப்பதில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கோடைப் போட்டிகளிலோ காணொளியிலோ முன்பே பார்த்து, பெயரைக் குறித்துவைத்திருக்கும் சிலரை மீண்டும் ஒருமுறை அருகில் நின்று பார்ப்பதற்கே அவருக்கு முகாம் முக்கியமாகப் பயன்படுகிறது. முன்பின் தெரியாத பையன் முகாமில் கண்டெடுக்கப்படுவது நடக்காத காரியமல்ல. ஆனால் அதை எதிர்பார்த்துப் பணம் செலவழிப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

எனவே முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கல்லூரிக்கு உங்கள் பிள்ளையைத் தெரியுமா என்று கண்டறிவதுதான். கடிதத்தில் அவன் ஆடும் இடம் சரியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, எந்தப் போட்டியில் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களா, துணைப் பயிற்சியாளர் ஒருவர் தம் பெயரையும் கைபேசி எண்ணையும் தந்திருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அவனது டிராவல் அணியின் பயிற்சியாளரைக் கல்லூரியினர் தொடர்புகொண்டு விசாரித்திருந்தால் அது இன்னும் நல்ல அறிகுறி. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், அது பல ஆயிரம் பேருக்கு ஒன்றாக அனுப்பப்பட்ட கடிதம் என்றே கொள்ளுங்கள்.

அடுத்தது காலம். டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன்னால் எந்த மாணவனிடமும் அணிச் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்ற விதி 2023 முதல் நடைமுறையில் உள்ளது. தங்கள் சொந்த முகாமில்கூட அவர்கள் ஆட்டத்தைச் சொல்லித்தரலாமே தவிர அந்தப் பேச்சை எடுக்க முடியாது. டிவிஷன் 2 அணிகளுக்கு அந்த நாள் ஜூன் 15. டிவிஷன் 3 அணிகளுக்கும், பெரும்பாலும் சிறிய கல்லூரிகளைக் கொண்ட வேறொரு சங்கமான என்ஏஐஏவின் அணிகளுக்கும் கட்டுப்பாடு மிகக் குறைவு. ஆகவே 9ஆம், 10ஆம் வகுப்புகளில் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தொலைவில் ஒரு முகாமுக்குச் சென்று, முகாம் எப்படி நடக்கிறது என்று பிள்ளை பழகிக்கொண்டால் போதும். விமானத்தில் பறந்து போகும் முகாம்கள் 11ஆம் வகுப்புக்கும் அதற்கு முந்தைய பிந்தைய கோடைகளுக்கும் உரியவை.

முகாமில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் தயார்நிலையை எடைபோடுவது எளிது. காலையில் முதுகில் எண் ஒட்டுவார்கள். 60 கஜ ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளப்பார்கள். பிறகு பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்கள், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலுள்ள ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து முதல் பேஸுக்கும், தொலைவில் நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் வலது மூலையிலிருந்து பேஸ்களுக்கும் வீசுவார்கள். பேட்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸில் சேர்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் ஒவ்வொருவருக்கும் சில பந்துகள் பேட்டிங். பிற்பகலில் ஓர் ஆட்டம், அதில் பந்து வீசும் பிட்சருக்குச் சில பேட்டர்கள் மட்டும். காலைப் பகுதி பெரும்பாலும் அளக்கக்கூடிய திறமைக்கான சோதனை. பந்தின் போக்கைப் படித்து ஆடும் நுட்பம் அங்கே தெரிவது அரிது.

ஆகையால் போவதற்கு முன்பே இந்த அளவுகளை உள்ளூரில் எடுத்துவிடுங்கள். பெரிய டிவிஷன் 1 அணிகள் மணிக்கு 90 மைல் வேகத்தை ஒட்டி வீசும் வலக்கைப் பிட்சரையும், பந்தை இரண்டாம் பேஸில் சுமார் 2 விநாடியில் சேர்க்கும் கேட்சரையும், 60 கஜத்தை 7 விநாடிக்கு நன்கு குறைவாக ஓடும் அவுட்ஃபீல்டரையும் தேடுகின்றன. 80 மைல் வீசும் பையன் அத்தகைய முகாமுக்குப் போனால் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் காட்டும் எண் அவனுக்கு எதிராகவே பதிவாகும். அவனுக்குப் பொருத்தமான கல்லூரிகள் வேறு இருக்கின்றன. அந்தப் பணத்தை அங்கே செலவிடலாம், அல்லது ஒரு குளிர்காலம் முழுதும் உடல்வலுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

அளவுகளோடு அணியின் இணையப்பக்கத்தில் உள்ள ஆட்டக்காரர் பட்டியலையும் படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பின், அதில் சேர்ந்த டிவிஷன் 1 அணிகள் 34 பேரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் 21, 22 வயது ஆட்டக்காரர்களும் அந்த 34 இடங்களுக்குள்தான் வருகிறார்கள். உங்கள் பிள்ளை கேட்சர் என்றால், அவன் சேரும் ஆண்டில் அங்கே எத்தனை கேட்சர்கள் மீதமிருப்பார்கள், நேரடியாக ஹைஸ்கூலிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த மாநிலத்தவர் என்று எண்ணிப்பாருங்கள். அரைமணி நேர வேலை இது. பல முகாம்களின் செலவை மிச்சப்படுத்தும்.

படிப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குக் கணக்கு சற்று மாறுகிறது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் டிவிஷன் 3 கல்லூரிகளும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. ஆனால் பயிற்சியாளர் விரும்பும் மாணவனின் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு, பயிற்சியாளரின் ஆதரவுக்கு அங்கே மதிப்பும் உண்டு. இத்தகைய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பலர் ஒரே இடத்தில் கூடும் ஹெட்ஃபர்ஸ்ட் ஹானர் ரோல் போன்ற முகாம்களின் செலவு பயணத்தோடு சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். இருந்தும், 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில், மதிப்பெண் கையில் இருக்கும்போது, விரும்பும் கல்லூரிகளில் ஐந்தாறு ஒரே முகாமுக்கு வருமானால், தனித்தனி முகாம்களைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனை உண்டு: பேஸ்பால் இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் படிக்க அவன் விரும்ப வேண்டும். முழங்கை காயப்பட்டு ஆட்டம் நின்றுபோனாலும் படிப்பு நிற்காது அல்லவா?

முழங்கை என்று சொன்னதால் பிட்சர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேஜர் லீக் பேஸ்பாலும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல், ஹைஸ்கூல் வயதினர் ஆண்டில் குறைந்தது 4 மாதம் போட்டிப் பந்துவீச்சிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஓய்விலிருக்கும் தோளை, குளிர்கால முகாம் ஒன்றுக்காகத் திடீரென எழுப்பி ரேடார் கன் முன்னால் முழுவேகத்தில் வீசவைப்பது ஆபத்து. "இப்போது வீசும் பருவமல்ல, வசந்தகாலத்தில் வருகிறேன்" என்று பயிற்சியாளருக்கு எழுதலாம். அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை நான்கு ஆண்டுகள் ஒப்படைக்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்தபின் போகலாம் என்று தோன்றினால், பதிவு செய்வதற்கு முன்பே பிள்ளை தன் கையால் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். பெற்றோர் எழுதக் கூடாது. ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, உயரம், எடை, ஆடும் இடம், மதிப்பெண், இரண்டு நிமிடக் காணொளியின் இணைப்பு, அணிப் பயிற்சியாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து, "என் ஆண்டில் என் இடத்துக்கு ஆள் தேடுகிறீர்களா? காணொளியைப் பார்த்தபின் நான் இந்த முகாமுக்கு வருவது பொருத்தம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கலாம். காணொளியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிப் பதில் வந்தால் பணம் கட்டுங்கள். பதிலே வராமல் பதிவு இணைப்பு மட்டும் மீண்டும் வந்தால் கட்ட வேண்டாம்.

முகாம் முடிந்த இரண்டு மூன்று நாளில் நன்றி சொல்லி, எந்தத் திறமையில் முன்னேற வேண்டும் என்று கேட்டு அவன் மறுபடி எழுத வேண்டும். அக்கறையுள்ள பயிற்சியாளர் தொலைபேசியில் அழைப்பார், அடுத்த போட்டி அட்டவணையைக் கேட்பார், அல்லது கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வரச்சொல்வார். சில வாரம் கழித்து அடுத்த முகாமுக்கான பொது அழைப்பு மட்டும் வந்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததற்கு எழுதச் சொல்லுங்கள்.