டெக்சாஸில் ஜெர்மன் குடியேறிகளின் தடம் தேடிப் போவது எப்படி

ஆஸ்டினிலோ சான் அன்டோனியோவிலோ இருக்கிறீர்களா? ஒரு சனி ஞாயிறு போதும், 1840களில் கப்பலேறி வந்த ஜெர்மானியர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று ஓரளவு நேரிலேயே பார்த்துவிடலாம். பலர் பிரெட்ரிக்ஸ்பர்க் கடைத்தெருவில் ஒரு பீர், ஒரு சாசேஜ் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். பாட்டுக்கு ஒரு சங்கம், துப்பாக்கி சுடுவதற்கு ஒரு சங்கம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். சங்கத்துக்கு அவர்கள் சொல் ஃபெராய்ன். பலகைகளிலும் கட்டடங்களிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

முதல் நாள் நியூ பிரான்ஃபெல்ஸ் போங்கள். 1845இல் உருவான ஊர். அடுத்த வருடமே துறைமுகத்திலிருந்து வரும் வழியில் நோயில் ஏராளமானோர் செத்துப்போனார்கள், ஆனாலும் 1853இல் இங்கே பாட்டுத் திருவிழா நடத்திவிட்டார்கள். லிண்ட்ஹைமர் வீட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். காடு காடாகச் சுற்றிச் செடி சேகரித்தவர், 1852 முதல் ஊரின் ஜெர்மன் செய்தித்தாளுக்கு ஆசிரியராகவும் இருந்தார். சாயங்காலம் குரூன் ஹாலுக்குப் போங்கள் (உள்ளூரில் ‘கிரீன்’ என்றுதான் சொல்வார்கள்), 1878இல் கட்டிய நடனக்கூடம், இன்றும் ஆட்டம் நடக்கிறது. நவம்பரில் வூர்ஸ்ட்ஃபெஸ்ட் என்ற சாசேஜ் திருவிழா சமயம் என்றால் தங்கும் அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

மறுநாள் காலையிலேயே பிரெட்ரிக்ஸ்பர்க். சந்தைச் சதுக்கத்தில் எட்டுப் பக்கமுள்ள ஃபெராய்ன்ஸ் கிர்ஷே (சங்கத்தின் தேவாலயம்) நிற்கும். 1847இல் கட்டியதை இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது 1930களில் அதே வடிவில் எழுப்பியது. எல்லாப் பிரிவினருக்கும் அதுதான் கோவில், அதுதான் பள்ளிக்கூடம். அப்புறம் பக்கத்துத் தெருக்களில் நடந்து ‘ஞாயிறு வீடு’களைத் தேடுங்கள். தொலைவில் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் சனிக்கிழமை சாமான் வாங்க வந்து, இரவு தங்கி, ஞாயிறு கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்காகவே கட்டிய குட்டி வீடுகள் இவை. பரணுக்கு வெளியிலிருந்தே படி இருந்தால் பெரும்பாலும் அதுதான். சிலவற்றில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

அங்கிருந்து தெற்கே அரை மணி நேரத்தில் கம்ஃபர்ட். அவசரப்பட வேண்டாத இடம் இது. மதத்தை ஏற்காத சுதந்திர சிந்தனையாளர்கள் 1854இல் அமைத்த ஊர், 1892 வரை இங்கே தேவாலயமே கிடையாது. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் பலர். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, மெக்சிகோ நோக்கிப் போன ஒரு கூட்டத்தை, அடிமைமுறைக்காகப் பிரிந்த தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை நூவசஸ் ஆற்றங்கரையில் சுட்டுக் கொன்றது. போர் முடிந்ததும் ஊர்க்காரர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கி வந்து புதைத்து, 1866இல் சுண்ணாம்புக்கல் தூண் எழுப்பினார்கள். ‘ஒன்றியத்துக்கு விசுவாசம்’ என்று ஜெர்மனில் பொறித்திருக்கும், ஒன்றியம் என்றால் பிரியாமல் நின்ற அமெரிக்கா. கொஞ்ச நேரம் அமைதியாக நின்று பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

வழியில் பழைய கல்லறைத் தோட்டம் எதைக் கண்டாலும் இறங்கிப் பாருங்கள். ‘கெப்.’ என்றால் பிறப்பு, ‘கெஸ்ட்.’ என்றால் இறப்பு, சில கல்லில் சொந்த ஊர்ப் பெயரும் இருக்கும். கல்லில் ஜெர்மன் நின்று ஆங்கிலம் தொடங்கும் வருடத்தையும் கவனியுங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் அந்த மொழி பேசுவதே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

டெக்சாஸ் ஜெர்மன் பேசும் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். யாராவது அகப்பட்டால் ஸ்கங்க்குக்கு (நாற்றத்தைப் பீய்ச்சியடிக்கும் சிறு விலங்கு) என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். ‘ஷ்டிங்க்கட்ஸ’ என்பார்கள், நாற்றப்பூனை. ஜெர்மனியில் அதை நாற்றமிருகம் என்றுதான் சொல்கிறார்கள், பூனை டெக்சாஸில் வந்து சேர்ந்தது.