சர்க்கரை உள்ளவர்களின் கால்விரல் கறுப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

விரல் கறுத்துப்போவது பெரும்பாலும் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே ஓடும் தமனிகளில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து ரத்தம் குறைந்துகொண்டே வரும், அப்புறம் ஒரு சின்னக் கொப்புளம் வந்தால்கூட அது ஆறுவதற்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேராமல் சதை செத்துவிடும். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பும் மரத்துப்போயிருப்பதால் வலி தெரியாது. அதனால் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள், தினமும் பாருங்கள்.

தூங்கப்போகும் முன் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரல் இடுக்கு, நக ஓரம், குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, நீலம், கொப்புளம் இருக்கிறதா, ஒரு கால் மட்டும் சில்லென்று இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து நாடி. பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல் ஒரு தசைநாண் எழும்பும். அதற்குச் சற்றுத் தள்ளி, சுண்டுவிரல் பக்கமாக இரண்டு விரல்களை லேசாக வையுங்கள், அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். சிலருக்கு அந்த இடத்தில் பிறவியிலேயே துடிப்பு கிடைக்காது, அதனால் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாவதும், ராத்திரி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் நிம்மதி என்பதும் ரத்த ஓட்டம் குறைந்ததற்கான அடையாளங்கள்.

டாக்டரிடம் போனால் கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டியாகி 1.4க்கு மேல் காட்டலாம், அதை நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை: மரத்த காலை வெந்நீரில் வைப்பது, கால் ஆணியை பிளேடால் சீவுவது, புண்ணில் காபித்தூள் அப்புவது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதும்தான். சாமி கோபித்துக்கொள்ளாது, காலையிலோ மாலையிலோ போங்கள். பீடி, சிகரெட்டை அடியோடு விட்டுவிட வேண்டும், இதில் பேரமே கிடையாது.

கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் ரத்த ஓட்டத்தைத் திறக்கக் கிடைப்பது ஏறக்குறைய 6 மணி நேரம்தான். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். புண் வீங்கி, நாற்றமடித்து, காய்ச்சலும் வந்தாலும் அப்படித்தான், அந்த நிலையில் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் விரல் காய்ந்து கறுத்து, காய்ச்சல் எதுவும் இல்லாத நிலையில் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், அடைப்பைத் திறக்க முடியுமா என்று ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்து ரத்தத்தைக் கொண்டுவந்துவிட்டால் பல நேரம் விரலோடு போய்விடும், கால் தப்பிக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித்துறையே இருக்கிறது.