பளிச்சென்று தெரிந்தால் பெரிய நட்சத்திரமா?

மார்கழி இரவு 9 மணி வாக்கில் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு ஒரு பக்கம் செம்மையாகத் திருவாதிரை (பெட்டல்ஜூஸ் என்பதும் இதுதான்), மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையில் ரைஜெல். இவை இரண்டையும் மங்கலாக்கிவிட்டுச் சற்றுக் கீழே ஜொலிப்பது சிரியஸ். நட்சத்திரங்களைப் பற்றி நாம் தப்பாக நினைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திருவாதிரை, ரைஜெல், சிரியஸ் என்ற இந்த மூன்றிடமே பதில் இருக்கிறது.

முதல் தவறு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை நட்சத்திரத்தின் சொந்தச் சரக்கு என்று நம்புவது. சிரியஸ் முந்திக்கொண்டு தெரிவதற்கு முக்கியக் காரணம், அது 8.6 ஒளியாண்டில் (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு), பக்கத்து வீடு மாதிரி இருப்பதுதான். சூரியனைப்போல ஏறக்குறைய 25 மடங்கு ஒளி அதற்கு. ரைஜெல் இருப்பதோ சுமார் 860 ஒளியாண்டுக்கு அப்பால், அதாவது நூறு மடங்கு தொலைவு. தொலைவு நூறு மடங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தாயிரம் மடங்கு கூடும். சிரியஸ் இருக்கும் இடத்துக்கு ரைஜெலைக் கொண்டுவந்து வைத்தால், அந்த வெளிச்சத்தில் நம் நிழல் தரையில் விழும்!

வெளிச்சத்துக்குப் போடும் மதிப்பெண்ணிலும் பலர் வழுக்குகிறார்கள். எண் குறையக் குறைய ஒளி அதிகம். சிரியஸுக்கு −1.46, துருவ நட்சத்திரத்துக்குச் சுமார் 2. ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. துருவ நட்சத்திரம்தான் வானிலேயே பிரகாசமானது என்று யாராவது சொன்னால், சிரியஸ் அதைவிட 20 மடங்குக்கு மேல் பளிச்சென்று இருப்பதைக் காட்டுங்கள்.

சரி, நிறம். குளியலறைக் குழாயில் சிவப்புப் புள்ளி வெந்நீர், நீலப் புள்ளி பச்சைத் தண்ணீர். அந்தப் பழக்கத்தில் சிவந்த நட்சத்திரம் அதிகம் கொதிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கொல்லன் உலையைப் பாருங்கள்: இரும்பு முதலில் சிவக்கும், இன்னும் சூடேறினால் மஞ்சளாகி வெளுக்கும். (கேஸ் அடுப்பின் நீலச் சுடரை உதாரணம் காட்ட வேண்டாம், அந்த நீலம் வேறு காரணத்தால் வருவது.) திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,600 கெல்வின், ரைஜெல் சுமார் 12,000. சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் பார்த்தால் ரைஜெல் நூறு மடங்குக்கு மேல் ஒளி வீசுகிறது. திருவாதிரை ஈடுகொடுப்பது உடம்பின் அகலத்தால் மட்டுமே. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு எடை என்ன? சூரியனைப்போல 15 முதல் 20 மடங்குதான். சராசரியாகப் பார்த்தால், நாம் மூச்சு விடும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்தது. எதிர்முனையில் சிரியஸின் துணையான வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்): பருமன் பூமியளவு, நிறை சூரியனளவு. அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் தேறும். பெரியது என்று சொல்லும்போது நிறையா, பருமனா என்று கேட்டுக்கொள்ளாமல் மேலே போகக் கூடாது.

நிறை அதிகமானால் ஆயுளும் அதிகம் என்பது அடுத்த தப்புக் கணக்கு. கனத்த நட்சத்திரத்திடம் எரிபொருள் பத்து மடங்கு இருந்தால், செலவு ஆயிரக்கணக்கான மடங்கு. சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டு, இன்னும் பாதி வாழ்க்கை பாக்கி. கடைசிக் கட்டத்தில் இருக்கும் திருவாதிரைக்கோ சுமார் ஒரு கோடிதான்.

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று நட்சத்திரங்களுக்கு இட்ட வகைப் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே கருங்கோடுகள் தெரியும்; முதலில் அவற்றில் ஹைட்ரஜனுக்குரிய கோடுகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதை வைத்து அகர வரிசையில் பெயரிட்டார்கள், பிறகு வெப்பநிலைப்படி மாற்றி அடுக்கினார்கள். எம் வகையில் கோடு மங்கலாக இருப்பதால் அங்கே ஹைட்ரஜன் குறைவு என்று அர்த்தமில்லை. அந்தக் குளிர்ச்சியில் ஹைட்ரஜன் அணுக்கள் கோடு போடும் நிலைக்கு எழும்புவதில்லை. வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்களின் நிலை எப்படி மாறும் என்று 1920இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா தந்த சமன்பாட்டை வைத்து, 1925இல் வானியலாளர் செசிலியா பெய்ன் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று காட்டினார். அப்புறம், எழுத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள். திருவாதிரையும் எம், சூரியனுக்கு மிக அருகில் இருந்தும் வெறும் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியும் எம். எழுத்துக்குப் பின்னால் வரும் ரோமன் எண்தான் முன்னதைப் பெரும் பூதம் என்றும் பின்னதைக் குள்ளன் என்றும் பிரிக்கிறது.

2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியபோது, இதோ வெடிக்கப் போகிறது என்று பலர் நாள் எண்ணினார்கள். அதுவே கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்திருந்தது. 2020 கோடைக்குள் பழைய வெளிச்சம் திரும்பிவிட்டது.