இண்டிகேட்டர் ரிலே மாற்றுகையில் வயரிங்கைக் கருக்கும் தவறு

ஐப்பசி மழை இறங்கினால் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இண்டிகேட்டர் எரியாத பைக்குகள் பட்டறைகளில் வரிசை கட்டும். தொழில் பழகுகிறவர்கள் முதலில் கை வைப்பது இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்ன வைக்கும் ஃப்ளாஷர் ரிலேயில். அங்கேதான் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

சோதிக்காமல் புது ரிலே வாங்குவது

ரிலேயின் முள்ளருகே பி, எல், இ என்று ஆங்கில எழுத்து இருக்கும். எந்த வயர் எதில் என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். இக்னிஷனைப் போட்டு, கப்ளரில், அதாவது ரிலே சொருகும் வயர் முனையில், பி, எல் துளைகளை மட்டும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சுவிட்சைத் தள்ளுங்கள். பல்பு நிலையாக எரிந்தால் கோளாறு ரிலேயில். எரியாவிட்டால் ஃப்யூஸ், சுவிட்ச், பல்பு, எர்த் என்று தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? ரிலேயைத் தொடாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் ரிலே ஒன்றுதான். வேதாரண்யம் உப்புக்காற்றில் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே சரியாகிவிடும், காசு செலவில்லை.

சொருக முடிகிறது என்று சொருகுவது

இதற்குத்தான் கோபம் வருகிறது. பி பேட்டரி கரண்ட், எல் சுவிட்சுக்குப் போவது, இ எர்த். மூன்று முள் ரிலேக்கள் எல்லாவற்றிலும் இந்த வரிசை ஒன்றல்ல. கப்ளர் கச்சிதமாக உட்காரும், வரிசை மாறியிருக்கும். பி, இ மாறினால் ரிலே சாகும். எல், இ மாறினால் சுவிட்சைத் தள்ளியதும் கரண்ட் நேரே எர்த்துக்குப் பாய்ந்து ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போனதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் நஷ்டம் சில ரூபாய். அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால்? டேங்குக்கு அடியில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்: எந்த நிற வயர் எதுவென்று தெரியாமல் எல்லாம் ஒரே கருப்புக் கட்டியாக ஒட்டிக் கிடக்கும். சின்ன ரிலே வேலை முழு வயரிங் செட்டில் போய் முடியும். பட்ஜெட் பார்த்தவர்தான் அதிகம் கொடுக்கிறார்.

12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டினால் டெஸ்ட் லாம்ப் தயார். இக்னிஷன் போட்டு, ஒரு முனையை என்ஜின் போல்ட்டில் வையுங்கள். மறுமுனை பட்டு எரியும் துளை பி. அடுத்து இக்னிஷனை அணைத்து, சுவிட்சை நடுவில் விட்டு, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள், எரிவது இ. மிச்சம் எல். புது ரிலேயின் எழுத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால் கப்ளர் பூட்டைக் குண்டூசியால் அமுக்கி, முனையை உருவி இடம் மாற்றுங்கள். வயரை வெட்டாதீர்கள்.

எல்இடிக்குப் பழைய ரிலே

பழைய ரிலே பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்புக்கானது. எல்இடி இழுக்கும் கரண்ட் அதற்குப் போதாது; படபடக்கும் அல்லது மின்னாது. எல்இடி ரிலேயே போடுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னினால் சரி.

முள்ளை மேலே பார்க்க வைப்பது

தண்ணீர் தேங்கும். ரப்பர் உறையில், முள் கீழ்நோக்க மாட்டுங்கள்.