பிளெண்டரில் பிரஷ் அசைய மறுக்கிறதா?

மதுரை புது மண்டபத்து யாளியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்த முதல் நாள், எவ்வளவு தேய்த்தும் அந்தக் கனசதுரத்தில் உருப்படியாக எதுவும் வரவில்லை, நான் பாட்டுக்கு மவுஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் மவுஸ். பிரஷ் அசைப்பது உருவத்தின் முனைகளைத்தான், தொடக்கத்தில் வரும் கனசதுரத்துக்கோ மொத்தமே 8 முனைகள்தான். விளாச்சேரியில் பொம்மை செய்பவரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துவிட்டு கொலு செட் கேட்கிற கதை.

ஸ்கல்ப்ட் மோடில் (செதுக்கும் நிலை), மேலே உள்ள ரீமெஷ் மெனுவில் வாக்ஸல் அளவை, அதாவது உருவத்தைப் புதிதாகக் கட்டும் சிறு கட்டங்களின் அளவைக் குறைத்துவிட்டு கண்ட்ரோல் ஆர் அழுத்துங்கள். ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம், அளவைப் பாதியாக்கினாலே முகங்கள் (மேற்பரப்பில் உள்ள சிறு தட்டைப் பரப்புகள்) ஏறக்குறைய 4 மடங்காகும், பழைய லேப்டாப் என்றால் அப்படியே நின்றுவிடும். அதற்கு முன்னால் சேவ் செய்துவிடுங்கள், சரியா?

அப்புறம், ஒரு பகுதி மட்டும் அசையாமல் இருந்தால் அங்கே தெரியாமல் மாஸ்க் (பிரஷ் வேலை செய்யாமல் தடுக்கும் மறைப்பு) போட்டிருப்பீர்கள். ஆல்ட் எம் அழுத்தினால் போய்விடும்.

பிரஷ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதா? ஆப்ஜெக்ட் மோடில் உருவத்தை நீட்டியிருப்பீர்கள், அங்கேயே திரும்பிப் போய் கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். என் யாளியின் துதிக்கை கோணிக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம், அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தால் நார்மல்கள் (ஒவ்வொரு முகமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை) உள்நோக்கித் திரும்பியிருக்கலாம். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் என் அழுத்துங்கள்.