பல்செட்டின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

கழற்றி மாட்டும் பல்செட்டில் பலரும் பல் தெரியும் பக்கத்தைத்தான் பளபளவென்று தேய்க்கிறார்கள். கிருமி அதிகம் குடியிருப்பது மறுபக்கத்தில், ஈறையும் அண்ணத்தையும் ஒட்டி உட்காரும் உள்பக்கத்தில். அங்கே பாலிஷ் போட்டால் செட் வாயில் சரியாகப் பொருந்தாது என்பதால் சொரசொரப்பாகவே விடுவார்கள். செட் செய்யப்படும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் நுண்துளைகளும் உண்டு. மேல் செட் அண்ணத்தை மூடிவிட்டால் எச்சில் ஓடி அந்த இடத்தைக் கழுவ முடியாது. பாக்டீரியாவும் கேண்டிடா என்ற பூஞ்சையும் சேர்ந்து வழவழப்பான படலமாகப் படிந்துவிடும். நாளடைவில் செட் மூடியிருந்த அளவுக்கு அண்ணம் சிவக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும்.

சாப்பிட்டதும் செட்டைக் கழற்றி ஓடும் தண்ணீரில் அலசுங்கள். இரவில் ஒருமுறை நன்றாகத் தேய்க்க வேண்டும். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கைதவறி விழுந்தாலும் உடையாது. மென்மையான பிரஷ், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவ சோப் போதும். உள்பக்கப் பள்ளங்களில் தொடங்கி, கடைசியில் வெளிப்பக்கத்துக்கு வாருங்கள். பற்பசை வேண்டாம். அதிலுள்ள அரைக்கும் துகள்கள் அக்ரிலிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலிலும் கிருமி ஒளியும். வெந்நீரில் செட் வளைந்துவிடும்.

வெறும் ஊறல் படலத்தைப் பெயர்க்காது. பல்செட்டைச் சுத்தம் செய்யும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்தாலும் தேய்த்தே ஆக வேண்டும்; வாயில் வைப்பதற்கு முன் நன்றாக அலச வேண்டும். பிளீச் பயன்படுத்துவதானால் 4% சோடியம் ஹைப்போகுளோரைட் 25 மி.லி.யில் 175 மி.லி. தண்ணீர் கலந்தால் 0.5% ஆகும். 10 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். உலோகக் கம்பியோ சட்டமோ உள்ள செட்டுக்கு இது கூடவே கூடாது, அரித்துவிடும்.

தூங்கும்போது கழற்றிவிடுங்கள். இரவில் எச்சில் சுரப்பு குறைவதால் கிருமிக்கு அதுதான் வசதியான நேரம். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. வாயிலுள்ள கிருமி எச்சிலோடு மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும் என்பதால், படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கழற்றிய செட்டைச் சாதாரணத் தண்ணீரில் மூழ்கும்படி வையுங்கள். காய்ந்தால் வடிவம் மாறும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் ஈரத் துணியாலோ மென்மையான பிரஷாலோ துடையுங்கள். பாதி செட் போட்டவர்கள் கொக்கி பிடிக்கும் சொந்தப் பல்லைப் பற்பசையால் கவனமாகத் துலக்க வேண்டும், அங்கேதான் சொத்தை விழும்.

சிவப்பு போகாவிட்டாலோ, கடைவாய் ஓரம் வெடித்தாலோ, செட் தளர்ந்து ஆடினாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்களும் தள்ளிப்போடக் கூடாது. பூஞ்சை மருந்து எழுதிக்கொடுத்தால் வாய்க்கு மட்டும் போட்டு நிறுத்தாமல், செட்டையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் செட்டில் தங்கிய பூஞ்சை மறுபடி அண்ணத்தில் ஏறிவிடும்.